நாசில் மாற்றிய பிறகு: என் 0.3 ஏர்பிரஷும் டாங்கி மாடல்களும்

மாடல்களுக்குக் காற்றழுத்தத்தால் பெயிண்ட் தூவும் என் ஏர்பிரஷ் பழுது பார்த்துத் திரும்பி வந்திருக்கிறது. அதே சமயம் நண்பர் ஒருவரும் கேட்டார்: "டாங்கி மாடலுக்கு ஒரு ஏர்பிரஷ் வாங்கணும், நீங்க வச்சிருக்கிறதையே வாங்கிடலாமா?" ஆமாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. பல வருடங்களாக உண்மையான வண்டியில் 35-ல் ஒரு பங்கு அளவுள்ள என் 1/35 மாடல்கள் அத்தனைக்கும் நிறம் கொடுத்தது இதுதான். என்னை இந்த அளவுக்குக் கோபப்படுத்திய கருவியும் இது ஒன்றுதான்.

டபுள் ஆக்‌ஷன், அதாவது ட்ரிகரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட்; மேலே பெயிண்ட் ஊற்றும் கிண்ணம், பெயிண்ட் வெளிவரும் 0.3 மி.மீ. முனையான நாசில், பின்பக்கம் ஊசியின் ஓட்டத்தை நிறுத்தும் திருகு. இதற்கு மேல் விவரம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். கம்பெனி பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். இதே அமைப்பில் பல கம்பெனிகள் ஏர்பிரஷ் செய்கின்றன. நான் சொல்லப்போவது அந்த அமைப்பைப் பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் தொடங்கினால் அது விட்டுப்போய்விடும்.

1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் கவச வண்டிகளின் அடிநிறத்தைக் கருஞ்சாம்பலிலிருந்து மங்கலான மஞ்சளுக்கு மாற்றியது. டுங்கெல்கெல்ப் என்று நாம் எல்லோரும் சண்டை போடும் அதே நிறம். அதன்மேல் போட வேண்டிய மறைப்பு நிறங்களான பச்சையும் செம்பழுப்பும் குழைவாக டப்பாக்களில் படைப்பிரிவுகளுக்குப் போயின. களத்தில் இருந்தவர்களே அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து ஸ்பிரே கன்னால் அடித்தார்கள். அதனால்தான் பழைய புகைப்படங்களில் ஒரு வண்டியில் கோடு அடர்த்தியாகவும், பக்கத்து வண்டியில் பனிமூட்டம் போலவும் தெரிகிறது. கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்காது, கரைந்து மறையும். உண்மையான வண்டியில் 5 செ.மீ. அகலத்துக்குக் கரையும் ஓரம் 1/35 அளவில் ஏறக்குறைய 1.4 மி.மீ. மட்டும்தான். அந்த 1.4 மி.மீ.யைப் பிடிக்க முடிந்தால் பொம்மை உண்மையான வண்டியாகவே நிற்கும். பிடிக்க முடியாமல் ஓரம் 5 மி.மீ.க்குப் பரவினால், எவ்வளவு நல்ல கிட்டாக இருந்தாலும் பொம்மையாகவே நிற்கும்.

இந்த ஏர்பிரஷ் அந்த ஓரத்தைப் பிடிக்கிறது. டாமியா கம்பெனியின் அக்ரிலிக் பெயிண்ட் ஒரு பங்குக்கு லாக்கர் தின்னர் என்ற கரைப்பான் இரண்டு பங்கு, சில நேரம் மூன்று. அழுத்தம் 10 முதல் 12 பிஎஸ்ஐ. முனையை ஒரு செ.மீ. அருகில் கொண்டுபோய், ட்ரிகரை நூலளவு பின்னால் இழுத்தால் பென்சில் கோடு மாதிரி விழும். நிறம் படக்கூடாத இடத்தை மூடும் மாஸ்கிங் களிமண் எதுவும் தேவையில்லை, கை மட்டும் போதும். பேன்தர் என்ற ஜெர்மன் டாங்கியின் டரட்டில், அதாவது பீரங்கிக் கோபுரத்தின் பக்கவாட்டில், அப்படி ஒரு செம்பழுப்புப் பட்டை இழுத்து முடித்து, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கிற அந்த நிமிஷத்துக்காகவே இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன்.

ஆனால் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் வேறு. அது பின்பக்கத் திருகு. வாங்கும்போது அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். வேலையில் இறங்கிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

வெதரிங், அதாவது மாடலைத் தூசி, துரு, தேய்மானத்தோடு பழசாகக் காட்டும் வேலை என்றாலே பலரும் பிரஷ் வேலையைத்தான் சொல்வார்கள். இடுக்குகளில் ஓடும் நீர்த்த நிறமான வாஷ், ஆயில் பெயிண்ட் புள்ளிகள், ஸ்பாஞ்சால் பெயிண்ட் பெயர்ந்த காயங்களைப் போடும் சிப்பிங், நிறத்தூளான பிக்மெண்ட். சரிதான், அதெல்லாம் வேண்டும். ஆனால் தூசி அப்படி இல்லை. ஓடுகிற வண்டியின் மேல் தூசி ஒரே மாதிரி படியாது. ஃபெண்டருக்குக் கீழே, ரோடு வீல்களின் ஓரத்தில், பின்பக்கத் தட்டில் அடர்த்தியாக ஏறி, மேலே போகப் போக மெலிந்து மறையும். இந்த மெலிவு பிரஷ்ஷில் வருவது கடினம். பத்துக்கு ஒன்பது பங்கு தின்னர் கலந்த வெளிர் மண் நிறத்தை ஏர்பிரஷ்ஷில் அடித்தால் அழகாக வரும். அதில் ஒரு ஆபத்து உண்டு. இவ்வளவு நீர்த்த நிறத்தில் விரல் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் பரப்பு நனைந்து சிலந்திக்கால் மாதிரி ஓடிவிடும். அடியில் எத்தனையோ மணி நேரம் போட்ட வேலை போய்விடும்.

அங்கேதான் அந்தத் திருகு. ஒரு வேஸ்ட் பேப்பரில் அடித்துப் பார்த்து, சரியான மெல்லிய தூவல் வரும் இடத்தில் திருகை நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு ட்ரிகரை முழுதாக இழுத்தாலும் ஊசி அந்த இடத்தைத் தாண்டாது. விரலைப் பற்றிய கவலை போய்விடும். கண் முழுவதும் வண்டியின் மேல் இருக்கும். ஒரு சுற்று, காயட்டும், இன்னொரு சுற்று. எக்ஸாஸ்ட் புகைக் கறை, இன்ஜின் டெக்கில் வெயிலில் வெளுத்த திட்டு, பேனல்களின் நடுவில் லேசான வெளிச்சம் எல்லாம் இப்படித்தான் ஏறுகின்றன. வெதரிங் செய்பவர்களுக்கு ஏர்பிரஷ்ஷில் எது முக்கியம் என்று என்னைக் கேட்டால், நாசில் அளவுக்கு முன்னால் இந்தத் திருகைச் சொல்வேன்.

அப்புறம் நாசில்.

இதன் நாசில் மரையுள்ள வகை. அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு உலோகக் கூம்பு, அதன் அடியில் சில சுற்று மரை. கூட வரும் சின்ன ஸ்பேனரால் கழற்ற வேண்டும், திரும்ப முடுக்க வேண்டும். கொஞ்சம் தளர்வாக இருந்தால் காற்று பின்னால் கசிந்து கிண்ணத்தில் குமிழி விடும். கொஞ்சம் இறுக்கினால் மரை அறுந்து, கூம்பு கையில் வரும், மரைத் துண்டு உடலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 'சரியான இறுக்கம்' மயிரிழை அளவு. எனக்கு இதில்தான் ஆத்திரம். கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டிய ஒரு பாகத்தை, கழற்றி மாட்டுவதற்கே பயப்படும்படி ஏன் செய்ய வேண்டும்?

கழற்றாமல் இருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கிண்ணத்தில் தின்னரை ஊற்றி, முனையை மூடிக் குமிழி விட்டுக் கழுவினால் போதும் என்பார்கள். விமான மாடல் செய்கிற, இரண்டு மூன்று நிறத்தோடு முடித்துக்கொள்கிற ஆட்களுக்கு அது பெரும்பாலும் போதும். இதே ஏர்பிரஷ்ஷை அவர்கள் வருடக்கணக்கில் ஒரு குறையும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு டாங்கிக்கு உள்ளே என்னென்ன போகிறது என்று பாருங்கள். முதலில் பிரைமர். பிறகு அடிநிறம், அதன் வெளிர் சாயல், இன்னும் வெளிர் சாயல். பிறகு இரண்டு மறைப்பு நிறங்கள். வாஷ் போல்ட்டுகளைச் சுற்றியும் இடுக்குகளிலும் ஓடுவதற்காகப் பளபளப்பு வார்னிஷ். கடைசியில் மேட் வார்னிஷ். அதற்கும் மேல் தூசிச் சாயங்கள். பனிக்கால வெள்ளை பூசிய சோவியத் டாங்கி டி-34 என்றால் இன்னும் மோசம். பச்சையின் மேல் ஹேர்ஸ்பிரே, அதன் மேல் தண்ணீரில் கரைத்த வெள்ளை அக்ரிலிக், பிறகு ஈர பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளையை உரித்து எடுப்பது. சுண்ணாம்பு பூசிய வண்டியில் ஆட்கள் ஏறி இறங்கிய இடம் தேய்ந்து பச்சை தெரிவதை வேறு எந்த வழியிலும் இவ்வளவு நன்றாகக் காட்ட முடியாது, அதனால் விட மனமில்லை. ஆனால் ஹேர்ஸ்பிரேயை இதற்குள் ஊற்றி அடித்தால் அந்தப் பிசின் கூம்பின் உள்சுவரில் ஒட்டிக் காய்கிறது. மேட் வார்னிஷ்ஷில் பளபளப்பைக் கொல்வதற்காகக் கலந்திருக்கும் நுண்துகள்களும் அதே இடத்தில்தான் சேர்கின்றன. தண்ணீர் அக்ரிலிக்கோ ஊசி முனையிலேயே உலர்ந்து மொட்டாகிறது. உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்தாலும் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. இத்தனைக்குப் பிறகு குமிழி விட்டுக் கழுவினால் மட்டும் போதாது. நாசிலைக் கழற்றி, தின்னரில் ஊறப்போட்டு, உள்ளே மென்மையான பிரஷ் விட்டுத்தான் ஆக வேண்டும்.

அதாவது இந்தக் கருவி எந்த வேலையில் சிறந்து நிற்கிறதோ, அந்த வேலைதான் அதன் பலவீனமான பாகத்தை அடிக்கடி கழற்ற வைக்கிறது. என் புகார் மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

மரை அறுந்தது அப்படி ஒரு சாதாரணக் கழுவலில்தான். கையேட்டில் சொல்லியிருந்தபடி, விரலால் திருகி, ஸ்பேனரால் லேசாகத் தொட்டேன். அவ்வளவுதான். கூம்பு தனியாகச் சுழன்றது. மேஜையில் முக்கால் பங்கு முடிந்த வண்டி, பக்கத்தில் தனிக் கப்பில் கலந்து வைத்த அடுத்த நிறம், கையில் பாதி நாசில். அன்றைக்கு வந்த எரிச்சலில் அந்த மேஜையை விட்டு எழுந்து போய்விட்டேன்.

பழுது பார்ப்பவர் உள்ளே இருந்த மரைத் துண்டை உடலுக்குச் சேதம் இல்லாமல் எடுத்துவிட்டார். அது நேர்த்தியான வேலை, பாராட்ட வேண்டும். புது நாசிலோடு புது ஊசியும் போடச் சொன்னேன். ஒன்று தேய்ந்திருக்கும்போது மற்றதை மட்டும் மாற்றினால் இரண்டும் சரியாக உட்காராது.

திரும்பி வந்ததும் பேப்பரில் ஒரு கோடு இழுத்தேன். மறந்தே போயிருந்த கோடு அது. வாங்கிய புதிதில் விழுந்த அதே நூலிழை, ஓரத்தில் ஒரு துளிகூடச் சிதறாமல். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் இன்னும் கோபம்தான் வந்தது. அப்படியானால் பழைய நாசில் எவ்வளவு காலமாக வாய் விரிந்து கிடந்தது? ஊசி முன்னால் போய் இடிக்க இடிக்க அந்த மெல்லிய வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. நடுவில் செய்த வண்டிகளை அலமாரியில் வரிசையாகப் பார்த்தேன். பின்னால் வந்தவற்றில் மறைப்புக் கோடுகளின் ஓரம் அகன்றுகொண்டே போயிருக்கிறது. ஹெட்சர் என்ற ஜெர்மன் கவச வண்டி மாடல் ஒன்றில் செம்பழுப்பின் ஓரமெல்லாம் நுண்புள்ளிகள். அந்தப் புள்ளிகளை மறைக்கத்தான் அதற்கு அவ்வளவு தூசி அடித்திருந்தேன் என்பது இப்போது புரிகிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏர்பிரஷ்ஷுக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை என்றாலும். சிப்பிங்கிலும் இதே அளவுக் கணக்குதான். 1/35 அளவில் 1 மி.மீ. சிப் என்றால் உண்மையான வண்டியில் 3.5 செ.மீ. காயம். அதைக் கதவு விளிம்பிலும் கொக்கியிலும் வைத்தால் நம்பலாம். கவசத் தட்டின் நடுவில் பத்து இருபது வைத்தால் வண்டிக்கு என்ன நடந்தது என்றே புரியாது. அதே மாதிரி, கீறிய இடத்தில் எல்லாம் துரு வராது. பல இடங்களில் அடியில் இருக்கும் செந்நிற பிரைமர்தான் தெரியும். நல்ல துருவை எக்ஸாஸ்ட்டுக்கும் டிராக்குக்கும் மிச்சம் வையுங்கள்.

லாக்கர் தின்னர் அடிப்பவர்கள் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் கட்டாயம் போடுங்கள். துணி மாஸ்க் துகளைக்கூடச் சரியாகத் தடுக்காது, ஆவியை அறவே தடுக்காது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ட்ரிகரின் மென்மைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோட்டின் நேர்த்தி, புது நாசிலோடு, இந்த விலை வகுப்பில் நான் பார்த்ததிலேயே சிறந்தது. பின்பக்கத் திருகுக்குத் தனியாக ஒரு வணக்கம். இவ்வளவையும் மனதார எழுதிவிட்டுச் சொல்கிறேன்: வாங்காதீர்கள். வெதரிங் செய்யப்போகிறவர்கள் இதை வாங்காதீர்கள்.

மரையே இல்லாமல், கூம்பைச் சும்மா உட்கார வைத்து முன்மூடியால் பிடித்துக்கொள்ளும் நாசில் வகை இருக்கிறது. ஸ்பேனர் வேண்டாம், கழற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது, அறுவதற்கு அங்கே மரையே கிடையாது. அதைத் தேடுங்கள். கோடு ஒரு மயிரிழை தடிமனாக விழுந்தாலும் பரவாயில்லை. பயமில்லாமல் கழுவப்படும் நாசில், பயந்து பயந்து விட்டுவைக்கப்படும் நாசிலை விட எப்போதும் நன்றாக அடிக்கும். வாங்கும்போது பின்பக்கத்தில் ஊசியை நிறுத்தும் திருகு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில மாடல்களில் இருக்காது. ஆனால் அந்தத் திருகுள்ள பின்கைப்பிடியைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வசதியுள்ள வகைகளும் இருக்கின்றன.

ஏற்கனவே என்னைப் போல மரை நாசில் வைத்திருப்பவர்கள், ஒரு நாசிலும் ஊசியும் உபரியாக இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், உடைந்த பிறகு தேட வேண்டாம். நான் வாங்கிவிட்டேன். மேஜையில் அந்தப் பேன்தர் காத்திருக்கிறது, இடது பக்கம் இன்னும் பச்சை போடவில்லை.