முட்டிவலிக்கு ஊசியா, கரண்டா, பயிற்சியா: கிராமத்து நோயாளிக்கு எது ஒத்துவரும்?

நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை, வீட்டில் மாடு என்று குனிந்து நிமிர்ந்தே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு முட்டிவலி வந்தால் ஊரில் அவருக்குக் கிடைக்கும் வழிகள் நான்கு. மருந்துக்கடை மாத்திரையும் இடுப்பில் போடும் வலி ஊசியும் ஒன்று. டவுனில் எலும்பு டாக்டர் முட்டிக்குள்ளேயே போடும் ஸ்டீராய்டு ஊசி இன்னொன்று. பிசியோதெரபி சென்டரில் கரண்ட் வைப்பது மூன்றாவது, உடற்பயிற்சி நான்காவது. ஊர்ப்பக்கம் பிசியோவாக வேலை பார்ப்பதால் எது நல்லது என்ற கேள்வி தினமும் என்னிடம் வருகிறது, பெரும்பாலும் "எதுல சீக்கிரம் சரியாகும்?" என்ற வடிவில். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேரில் நாலைந்து தடவை சொல்லிக்கொடுத்து, மீதியை வீட்டில் செய்ய வைக்கும் பயிற்சிதான் முதலிடம். கரண்டுக்குக் கடைசி இடம். ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

இது எவ்வளவு பரவலான தொல்லை என்று ஒரு கணக்கு. 1996-ல் மகாராஷ்டிராவில் புனே பக்கம் பிக்வான் என்ற கிராமத்தில் வீடு வீடாகப் போய் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை விசாரித்தார்கள். அதில் 18.2 சதவீதம் பேருக்கு மூட்டு, தசை சார்ந்த வலி இருந்தது. அதாவது ஐந்து பேரில் ஒருவர் என்கிற அளவுக்கு. முட்டியும் இடுப்பும்தான் அதிகம் வலிக்கும் இடங்கள் என்பதை ஆய்வு இல்லாமலே ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள்.

மாத்திரையை விரைவாக முடித்துவிடுகிறேன். கடையில் போய் "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று வாங்குவது மலிவு, அன்று வேலைக்குப் போய்விடலாம், அதனால்தான் அது எல்லாவற்றையும் முந்திக்கொள்கிறது. ஆனால் அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. வலி மாத்திரையை மாதக்கணக்கில் தின்றால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் பாதிப்பு, பிரஷர் ஏறுவது எல்லாம் வரும், சுகரும் பிரஷரும் ஏற்கெனவே இருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மாத்திரைக்கு முன்னால் டைக்ளோஃபெனாக் ஜெல்லை முட்டியில் தடவிப் பார்க்கலாம், முட்டிக்கு அது ஓரளவு நன்றாகவே கேட்கும், வயிற்றுக்கும் அவ்வளவு கெடுதல் இல்லை.

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம், ஊசியா பயிற்சியா. 2020-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 முட்டித் தேய்மான நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசியும், இன்னொரு பிரிவுக்கு பிசியோதெரபியும் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். வலி, விறைப்பு, நடமாட்டம் எல்லாவற்றையும் சேர்த்து 240-க்கு மதிப்பெண் போடும் அளவுகோலில் (குறைந்தால் நல்லது) இரு பிரிவும் தொடக்கத்தில் சுமார் 108-ல் இருந்தன. ஓராண்டு முடிவில் ஊசிப் பிரிவு 55.8, பிசியோ பிரிவு 37.0. இரண்டிலும் குணம் தெரிந்தது, பிசியோவில் கூடுதலாகத் தெரிந்தது. அதற்கு முன், 2017-ல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் முட்டியில் ஊசி போட்டார்கள். பாதிப்பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப்பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டு ஆண்டு முடிவில் வலியில் வித்தியாசம் இல்லை, ஆனால் ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. தேய்மானத்துக்குப் போடுகிற ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் தேய்மானமே கூடுகிறது என்றால், "மூணு மாசத்துக்கு ஒண்ணு போட்டுக்கறேன்" என்பவரை நாம் சும்மா அனுப்ப முடியாது.

அதற்காக ஊசியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முட்டி வீங்கி, தொட்டாலே துடிக்கிற நிலையில் இருப்பவரைப் பயிற்சி செய்யச் சொன்னால் அவர் மறுபடி என் பக்கமே வர மாட்டார். அப்போது ஒரு ஊசி போட்டு, கிடைக்கிற சில வார நிம்மதிக்குள் பயிற்சியைத் தொடங்கிவிடுவது நல்ல ஏற்பாடு. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதலும் ஸ்டீராய்டு ஊசியின் பலன் 2 முதல் 10 வாரம் வரைதான் என்று நோயாளியிடம் சொல்லச் சொல்கிறது. சுகர் உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை அளவு ஏறும். இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்புவது பெரிய தவறு.

சரி, கரண்ட். இங்கேதான் என் தொழிலில் உள்ளவர்களோடு எனக்கு மனக்கசப்பு வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தோல் வழியாக மின்சாரம் செலுத்தும் ஐஎஃப்டி, டென்ஸ், ஒலி அலை செலுத்தும் அல்ட்ராசவுண்ட் என்று மெஷின் வகைகள் பல. அதே பிரிட்டன் வழிகாட்டுதல் இவை எதையும் தேய்மானத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது, பலன் இருப்பதாகப் போதிய ஆதாரம் இல்லை என்பதால். நோயாளிக்கோ மெஷின்தான் வைத்தியம். பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் "ஏம்மா, கரண்ட் வைக்க மாட்டீங்களா? இதுக்கா பஸ் ஏறி வந்தேன்?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, கால் கடுக்க வந்தவருக்கு ஏதாவது செய்து அனுப்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சாதாரணமானது. பத்து நாள் தொடர்ந்து வரச்சொல்லி மெஷின் வைக்கும்போது சூட்டிலும் சுரீர் உணர்விலும் கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் பஸ் கட்டணம், துணைக்கு வரும் மகள் அல்லது மருமகளின் நாள், தன் கூலி, சென்டரின் கட்டணம் என்று கூட்டினால் அந்தப் பத்து நாள் இதம் ஊர்க்காரருக்கு மிகவும் விலை உயர்ந்தது. பதினோராவது நாள் வலி பழைய இடத்துக்கே வரும், ஏனென்றால் தொடைத் தசையில் ஒரு மாற்றமும் நடக்கவில்லை. இன்னொன்று, பாதத்திலும் காலிலும் உணர்ச்சி குறைந்த சுகர் நோயாளிக்குச் சூடு கொடுக்கும் மெஷின் வைத்தால் தோல் வெந்தாலும் தெரியாது. முதலில் இரண்டு சோதனைக் குழாய்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் எடுத்து, தோலில் வைத்துச் சூடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். கூட்டம் அதிகமான இடங்களில் அந்த ஒரு நிமிடம்தான் முதலில் காணாமல் போகிறது.

பயிற்சியைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2024-ல் முட்டித் தேய்மானத்துக்கான பயிற்சி பற்றிய 139 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் பயிற்சி செய்பவர்களுக்கு வலி 100-க்கு 13 புள்ளிபோலக் குறைகிறது, ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும், பார்வைக்கு மட்டும் சிகிச்சை போன்ற போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் 9 புள்ளிகூட வரவில்லை. இது பெரிய வித்தியாசம் என்று ஆய்வாளர்களே அடித்துச் சொல்லவில்லை. டென்மார்க்கில் 206 பேரை வைத்து எட்டு வாரப் பயிற்சியையும், "இது உப்புநீர்தான்" என்று சொல்லியே முட்டியில் போட்ட ஊசியையும் ஒப்பிட்டபோது இரண்டும் சமமாகத்தான் நின்றன. பயிற்சியைத் தூக்கிப் பிடிக்கிற என்னைப் போன்றவர்கள் இதை மறைக்கக் கூடாது.

அப்புறம் ஏன் அதற்கே முதலிடம் என்றால், வலிப் புள்ளி ஒரு பக்கம்தான். இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படுத்தும் வோமாக் என்ற 24 கேள்விப் பட்டியல் கனடாவில் உருவானது. சாக்ஸ் மாட்டச் சிரமமாக இருக்கிறதா, காரில் ஏறி இறங்கச் சிரமமாக இருக்கிறதா, குளியல் தொட்டிக்குள் இறங்க முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். எங்கள் ஊரில் யார் வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறது? எங்கள் நோயாளிக்கு வேண்டியது தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க, குத்துக்காலிட்டுக் கழிவறையில் உட்கார, நிறைகுடத்தோடு வாசற்படி ஏற, அரசு பஸ்ஸின் உயரமான முதல் படியில் கால் வைக்க. நோயாளி பஸ் ஏறுவதை ஒரு தடவை நின்று கவனித்துப் பாருங்கள்: நல்ல காலை முதலில் படியில் வைப்பார், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பையே மேலே இழுப்பார், வலிக்கிற கால் கடைசியில் பக்கவாட்டில் சுற்றி வந்து சேரும். தொடையின் முன்பக்கத் தசை வலுவிழந்துவிட்டதன் அடையாளம் அது. மாத்திரையோ மெஷினோ அந்தத் தசையை வளர்க்காது. உள்ளூர் பிசியோதெரபி மாணவர்கள் முதுகலை ஆய்வுக்காக ஊர்களுக்கு வரும்போது, அந்த இறக்குமதிக் கேள்வித்தாளோடு சேர்த்து இந்த பஸ் படியையும் ஓர் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பயிற்சி என்று நான் சொல்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை. காலை நீட்டி, முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணி விடுவது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி இறக்குவது, வாரம் போகப்போகக் கணுக்காலில் ஒரு கிலோ உப்பைத் துணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு அதையே செய்வது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, முதலில் உயரமான நாற்காலி, பிறகு தாழ்ந்தது. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் காலைக்குள் அந்தக் கூடுதல் வலி அடங்கிவிட்டால் அளவு சரி, அடங்கவில்லையென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் முதல் நாள் வலியிலேயே "எக்சைஸ் செஞ்சதால தேய்மானம் அதிகமாயிடுச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். எடை கூடுதலாக உள்ளவர் ஒரு கிலோ குறைத்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. சோற்றைக் குறைக்கச் சொன்னால் கேட்காதவர்கள்கூட இந்தக் கணக்கைச் சொன்னால் கேட்கிறார்கள்.

பயிற்சிதான் என்று முடிவானாலும் அதை எங்கே செய்வது என்பதில் இன்னொரு ஒப்பீடு இருக்கிறது, எனக்கு இதுதான் ஊசி-மெஷின் சண்டையைவிட முக்கியமாகப் படுகிறது. சென்டருக்கு வாரம் மூன்று நாள் வா என்றால் நடவு சீசனில் ஒருவரும் வர மாட்டார்கள். படம் போட்ட தாளைக் கையில் கொடுத்து வீட்டிலேயே செய் என்றால் தாள் சாமி மாடத்தில் இருக்கும், பயிற்சி நடக்காது. 2004-ல் பிரிட்டனில் வீட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்களையும், அதோடு எட்டு வாரம் குழுவாகவும் வந்து செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள், ஓராண்டு கழித்தும் குழுவில் வந்தவர்களே நன்றாக நடந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 394 பேரை வைத்து, வீடியோ அழைப்பில் பிசியோவிடம் பேசிக் கற்றவர்களும் நேரில் போனவர்களும் ஏறத்தாழ ஒரே பலனைப் பெற்றதாக 2024-ல் வெளியிட்டார்கள். நம் ஊரில் வீடியோ அழைப்புக்குப் பேரனின் போனும் சிக்னலும் கிடைக்க வேண்டும், மாலையில் அவன் வேலையிலிருந்து வந்த பிறகுதான் நடக்கும். ஆனாலும் முதல் தடவை நேரில் பார்த்துவிட்டு அடுத்தடுத்து வீடியோவில் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

எனக்குப் பிடித்த வழி குழுதான். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் எப்படியும் நடக்கிறது, அதிலேயே அரைமணி நேரம் சேர்த்துக்கொண்டால் தனியாகப் பஸ் செலவு இல்லை, "ஏன் நேத்து செய்யல?" என்று கேட்கப் பக்கத்து வீட்டு அக்கா இருப்பார். அரசு தரப்பில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. நல்ல திட்டம், ஆனால் ஒரு ஒன்றியம் முழுக்க உள்ள ஊராட்சிகளைச் சுற்றி வருபவருக்குப் பக்கவாதம் வந்தவர்களும் படுத்த படுக்கையாக இருப்பவர்களும்தான் முதலில், அது சரியும்கூட. முட்டிவலிக்காரர்களை அவரே வீடு வீடாகப் பார்ப்பதைவிட, ஊருக்கு ஒரு நாள் என்று பத்துப் பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அதே நேரத்தில் பல மடங்கு வேலை நடக்கும். உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள், துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்தால் அவர் வழியாகச் செய்தி போகும்.

இவ்வளவும் சாதாரணத் தேய்மானத்துக்கு. முட்டி திடீரென்று வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், மடக்கிய முட்டி நீட்ட வராமல் மாட்டிக்கொண்டால், கீழே விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டால், ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், பயிற்சியும் வேண்டாம், எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.