60 யூனிட்டுக்குள் ஒரு ஹட்டன் வீடு

செலவைச் சுருக்கவென்று சீனியைக் குறைத்தோம், பாணை விட்டு ரொட்டிக்கு மாறினோம், டிவி பெக்கேஜை நிறுத்தினோம். இதெல்லாம் மனசுக்குத் திருப்தி தந்ததே தவிர, மாதக் கடைசியில் கையில் நின்றது சொற்பம். காசு மிச்சமானது அடுப்படியிலும் கரண்ட் மீட்டரிலும்தான். மிச்சமான காசு காணாமல் போகாமல் இருந்தது, அதை உடனுக்குடன் கடனுக்குள் தள்ளியதால். 2022இல் தொடங்கி இன்றுவரை கடைப்பிடித்து வருவதால், எது நிலைத்தது, எது தொல்லை தந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது.

நாங்கள் மாதச் சம்பளக் குடும்பம். நான் ஆசிரியை. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் வங்கிக் கடன் எடுத்துக் கட்டிய வீடு. மாமி, கணவர், நான், மூத்தவள், சின்னவன் என்று ஐந்து பேர்.

2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1,493 ரூபாய். 2022 ஏப்ரலில் 4,860. அந்த விலைக்கும் லேசில் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டரை வரிசையில் வைத்துச் சங்கிலி போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போன காலம் அது. அப்போதுதான் அனகி அடுப்பு வாங்கினோம். சுட்ட களிமண் அடுப்பு. ஒரே வாயில் விறகு வைத்தால் முன்குழியில் சோறு வேகும், மிச்ச அனல் பின்குழிக்குப் போகும்.

கடையில் வாங்கியதை அப்படியே எரிக்கக் கூடாது. களிமண், மணல், கொஞ்சம் சாணி சேர்த்துக் குழைத்து மாமி சுற்றிலும் கனமாகப் பூசினார், பிறகு நிழலில் காயவிட்டார். பூசாமல் எரித்த பக்கத்து வீட்டு அடுப்பு அந்த மழைக்காலத்திலேயே வாய்ப்பக்கம் வெடித்துவிட்டது. எங்களுடையது இன்னும் நிற்கிறது. விளிம்பில் விரிசல் விடும்போது ஒரு பூச்சு, அவ்வளவுதான் பராமரிப்பு.

விறகுதான் இதில் பெரிய விஷயம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எந்த மலையில் கவ்வாத்து வெட்டுகிறார்களோ, அதாவது செடிகளை மட்டம் வெட்டுகிறார்களோ, அங்கிருந்து மிலாறு (வெட்டி விழுந்த தேயிலைக் கிளைகள்) கட்டிக் கொண்டுவந்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். மிலாறு மெல்லிசு, சட்டென்று பற்றும், சட்டென்று தீரும். சோற்றுக்கும் கறிக்கும் அது போதும். பருப்பு, கிழங்கு என்று நேரம் எடுப்பதற்கு ஒரு சவுக்குக் கட்டை உள்ளே வைக்க வேண்டும். ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டினால் மறுபடி அங்கே வெட்ட நான்கைந்து வருடம் ஆகும். அதனால் பக்கத்து மலையில் வெட்டும்போதே வாங்கி அடுக்கிவிடுகிறோம். மே மாதம் முடிவதற்குள் கூரைக்கடியில் விறகு ஏறாவிட்டால் தொலைந்தது. தென்மேல் பருவமழை எங்கள் பக்கத்தை விடாது. ஈர மிலாறு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம்.

புகை உண்மையான பிரச்சினை. இந்த அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. மாமிக்கு இழுப்பு வேறு இருக்கிறது. கணவர் வீட்டுக்குப் பின்னால் மூன்று பக்கம் திறந்த தகரக் கொட்டில் ஒன்று போட்டு, அடுப்பை அங்கே மாற்றினார். வீட்டுக்குள்ளேயே வைத்துத்தான் எரிக்க வேண்டும் என்றிருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். கேஸையும் முழுக்க விடவில்லை. காலையில் பள்ளிக்கூட அவசரத்துக்கு அதுதான். ஆனால் முன்பு மாதத்துக்கு ஒன்று என்றிருந்த சிலிண்டர் இப்போது மூன்று மாதத்துக்கு மேல் வருகிறது.

இந்த அடுப்பின் பெரிய லாபம் கேஸில் வரவில்லை, கரண்ட் பில்லில் வந்தது. அதை நாங்களே எதிர்பார்க்கவில்லை.

ஹட்டன் குளிருக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்க யாராலும் முடியாது. வீடு கட்டும்போதே ஷவர் ஹீட்டர் பொருத்தியிருந்தோம், 3.5 கிலோவாட். ஐந்து பேரும் எட்டு நிமிடம் வீதம் குளித்தால் ஒரு நாளைக்கு 40 நிமிடம். அது 2.3 யூனிட் சொச்சம். மாதத்துக்கு 70 யூனிட். ஃபிரிஜ், பல்பு, அயன் எல்லாம் இதற்கு மேல்.

வீட்டுப் பாவனைக்கான கட்டணத்தில் 60 யூனிட் என்பது ஒரு கோடு. 2025 ஜூன் கட்டணப்படி 60க்குள் நின்றால் முதல் 30க்கு யூனிட் 4.50 ரூபாய் வீதம், அடுத்த 30க்கு 8 ரூபாய் வீதம். ஒரு யூனிட் தாண்டினாலும் அட்டவணையே மாறிவிடும். முதல் 60 யூனிட்டுக்கும் 12.75 வீதம் போட்டுவிடுவார்கள். 60 யூனிட்டுக்கு 375 ரூபாய் என்றால், 61க்கு 780ஐத் தாண்டும். நிலையான கட்டணமும் ஒரு படி ஏறும். ஆக, 58இல் இருந்து 55க்கு இறக்கப் படாதபாடு படுவதில் பெரிய பிரயோசனம் இல்லை. 63இல் இருப்பவர் 60க்கு இறங்கினால்தான் பில் பாதியாகும். பலர் இதைப் பார்க்காமல் சார்ஜரைக் கழற்றிக்கொண்டு திரிகிறார்கள்.

எங்கள் வீட்டில் பின்குழியில் எந்நேரமும் ஒரு பெரிய அலுமினியப் பானை உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் சோறு வெந்து இறங்கும்போது தண்ணீரும் கொதித்துவிடும். "தண்ணி கொதிக்குது புள்ள, யாரு மொதல்ல?" என்று மாமி கொட்டிலில் இருந்து குரல் கொடுப்பார். வாளியில் கலந்து குளிப்பது மூத்தவளுக்குப் பிடிக்கவே இல்லை. பரீட்சைக் காலத்தில் அவளுக்கு மட்டும் ஹீட்டர் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு, அந்த மாதம் கோட்டைத் தாண்டினாலும் பரவாயில்லை என்று. மற்ற மாதங்களில் சுவரில் இருக்கும் மீட்டரைச் சின்னவன் ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் கலண்டரில் எழுதுவான். பில் வாசிக்க ஆள் வரும் திகதியில் இருந்து எண்ணுவோம். வாரத்துக்கு 14 யூனிட், அதுதான் எங்கள் அளவு.

அடுத்தது கடன். எங்கள் வீட்டுக் கடன் பிரைம் வட்டியோடு (வங்கிகள் தங்கள் நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டி) ஏறி இறங்குவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அடுத்த திருத்தத்தில் எங்கள் தவணை ஏறிய வேகத்தில், கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போனது. வங்கியில் போய்ப் பேசித் தவணைக் காலத்தை நீட்டிக்கொண்டோம். மொத்த வட்டி கூடும் என்று தெரிந்துதான் செய்தோம். அந்த நேரத்தில் அரிசி வாங்குவதா, தவணை கட்டுவதா என்ற நிலை.

2023 ஜூனில் இருந்து வட்டி இறங்கத் தொடங்கியது. தவணையும் குறைந்தது. நாங்கள் பழைய தொகையையே கட்டுவது என்று முடிவு செய்தோம். அதோடு கேஸிலும் கரண்டிலும் மிஞ்சியதைச் சம்பளம் விழுந்த மறுநாளே கடன் கணக்குக்குப் போகும்படி நிலையான கட்டளை கொடுத்தோம். இதில் ஒரு சங்கதி: கூடுதலாகப் போட்ட காசு முதலில் சும்மா முன்பணமாகவே கிடந்தது. "கடனின் முதல் தொகையில் கழிக்கவும்" என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் கழித்தார்கள். கடன் கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்கி, முதல் தொகையின் மீதி இறங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள்.

நகை அடகு வேறு ஒரு மாதிரி. தங்கம் விலை ஏற ஏற, புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் "இதுக்கு இன்னும் எடுக்கலாம் டீச்சர்" என்பார்கள். சங்கிலி அதேதான், கடன் மட்டும் பருக்கும். என் சங்கிலிக்குப் புதுப்பிக்கும்போது வட்டியோடு முதல் தொகையிலும் ஒரு பங்கு கட்டினேன். கடைசியில் பள்ளிக்கூடத்துச் சீட்டுக் காசு விழுந்ததும் மீட்டேன். உடன் வேலை செய்யும் ஒருவர் தன் வளையல் ஒன்றை விற்று மற்ற மூன்றையும் மீட்டார். வீட்டில் சண்டைதான், ஆனால் கணக்கு அவர் பக்கம்.

வாசலுக்கே வந்து கொடுக்கும் லோன்களைப் பற்றி ஒன்று மட்டும். "வருடத்துக்கு 12 வீதம்தான்" என்பார்கள். முழுத் தொகைக்கும் கடைசிவரை அதே வட்டியைப் போட்டால், ஒரு வருடத்துக்கு எடுத்த ஒரு லட்சத்துக்கு மாதம் 9,333 ரூபாய் வீதம் கட்ட வேண்டி வரும். குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் அது 21 வீதத்துக்கு மேல். கையெழுத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள். பிணைக்குக் கையெழுத்துப் போடுபவர்களும் கேட்க வேண்டும், ஏனென்றால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பிணையாளி பெயரும் ஏறும். ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கு ஆள் பிணை நிற்பது நமக்குப் பழக்கமாகிப் போனதால்தான் இதைச் சொல்கிறேன்.

கூரையில் சோலார் போடச் சொல்லியும் ஆட்கள் வருகிறார்கள். 60க்குள் நிற்கும் எங்கள் பில்லுக்கு, அதற்காக இன்னொரு கடன் எடுப்பது கட்டுப்படியாகாது. மாதம் 180 யூனிட்டைத் தாண்டும் வீடாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்களுக்கு முதலில் கொட்டிலின் தகரத்தை மாற்ற வேண்டியிருக்கிறது, மே மாதத்துக்குள்.