கீசர் மாற்றியும் ஷவரில் வேகம் வரவில்லை: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீட்டு ஷவரில் வெந்நீர் நூல் மாதிரிதான் வரும். பச்சைத் தண்ணீர் பரவாயில்லை. அதனால் பழைய 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் மேல்தான் கோளாறு என்று நினைத்து, 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர் வாங்கி மாட்டினேன். நல்ல சூடு கிடைத்தது. வேகம் துளிகூட மாறவில்லை.

ஷவருக்கு அடியில் 10 லிட்டர் வாளியை வைத்துப் பார்த்தேன். நிரம்ப 3 நிமிடம் ஆனது.

மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் உயரத்தால்தான் வருகிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அளவு). எங்கள் தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு 3 மீட்டர்தான் மேலே, அதாவது 0.3 பார். கீசர் சூடாக்கும், தள்ளாது. சரி, பச்சைத் தண்ணீர் மட்டும் எப்படி ஓரளவு வருகிறது? வெந்நீர்க் குழாயை வெட்டியதும் தெரிந்தது. பழைய இரும்புக் குழாய்க்குள் துருவும் உப்பும் படிந்து, பென்சில் நுழையும் அளவுக்கே வழி இருந்தது. முக்கால் அங்குல சிபிவிசி குழாய் போட்டோம். சாதாரண பிவிசி வெந்நீருக்குத் தாங்காது, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வாளி 2 நிமிடத்தில் நிரம்பியது.

அப்புறம்தான் பிரஷர் பம்ப். தொட்டியின் வாயிலிலேயே வைத்து, வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு லைனுக்கும் சேர்த்துக் கொடுத்தோம். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால், இரண்டு தண்ணீரும் கலக்கும் மிக்சர் குழாயில் அது மறுபக்கத்துக்குள் ஏறிவிடும். கீசர் எத்தனை பார் தாங்கும் என்று லேபிளில் பார்த்துக்கொண்டோம். வெந்நீர் லைனில் தொட்டிக்கு மேல் நீட்டியிருந்த காற்றுக் குழாய் வழியே பம்ப் தண்ணீரைக் கொட்டும் என்பதால் அதை அடைத்தார் பிளம்பர். அடைப்பதற்கு முன், கீசருக்குள் அழுத்தம் மீறினால் திறந்து வெளியேற்றும் சேஃப்டி வால்வு வேலை செய்கிறதா என்று சோதித்தார். இதில் அவசரமே கூடாது. இப்போது வாளி நிரம்ப ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், நிமிடத்துக்கு 9 லிட்டர் வருகிறது. தலையில் ஷாம்பு போகக் காத்திருந்த காலம் முடிந்தது, அவ்வளவு சந்தோஷம்.

கீசர் வாங்கியதும் வீண்போகவில்லை. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் இந்த வேகத்தில் ஓடும் தண்ணீரை 5 டிகிரிகூட ஏற்றாது.

ஆனால் வேகம் கூடினால் வெந்நீரும் சீக்கிரம் தீரும். 60 டிகிரியில் உள்ள 25 லிட்டரை 25 டிகிரித் தண்ணீரோடு கலந்தால், 40 டிகிரியில் அதிகபட்சம் 58 லிட்டர். ஆறு நிமிடக் குளியல், அவ்வளவுதான். மறுபடி சூடேற 2 கிலோவாட்டில் அரை மணி நேரம். வீட்டில் நான்கு பேர் என்பதால் காலையில் இது உண்மையான தொந்தரவு. முதலிலேயே 50 லிட்டர் எடுத்திருக்க வேண்டும்.

மூன்று வருடத்தில் பெரிய பழுது இல்லை. பம்ப்புக்கு முன்னால் உள்ள வடிகட்டியில் தொட்டி மண்டி சேரும், மாதம் ஒருமுறை கழுவுகிறேன். கீசர் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தானே கரையும் மெக்னீசியம் தண்டு இரண்டாம் வருடம் பாதியாகக் கரைந்திருந்தது, மாற்றினேன். தண்ணீர் சூடாகி விரியும்போது சேஃப்டி வால்வில் சில சொட்டு விழும். அது இயல்புதான், ஒழுகுகிறதே என்று அடைத்துவிடாதீர்கள். பம்ப் சத்தம் மாடி அறையில் விடிகாலை கேட்கிறது. அடியில் ரப்பர் வைத்தபின் குறைந்திருக்கிறது, போகவில்லை.

கரண்ட் போனால், பம்ப்பைச் சுற்றித் தண்ணீரை விடும் பைபாஸ் வால்வைத் திறக்கிறோம். குழாய் புதிது என்பதால் அப்போதும் பழைய நூலை விட நன்றாகவே வருகிறது.