டைப் 1 நீரிழிவுப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு: பல ஆண்டு அனுபவம்

மகளுக்கு டைப் 1 நீரிழிவு (உடலில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி போட வேண்டிய வகை) என்று தெரிந்த வாரத்திலேயே, மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுவனின் தாய் என்னை இந்தக் குழுவில் சேர்த்துவிட்டார். அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. இப்போது பத்தாம் வகுப்பு. குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் இதே நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர்கள். புதிதாகச் சேர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மருத்துவரிடம் கேட்க நேரமில்லாத கேள்விகளுக்கு இங்கே பதில் கிடைக்கும். பள்ளியில் மதிய ஊசியை யார் போடுவது, விளையாட்டு விழாவன்று பையில் என்ன வைப்பது, திருவிழாவுக்கு ஊருக்குப் போன இடத்தில் மின்சாரம் போனால் இன்சுலினை எப்படிக் காப்பது. கடைசிக் கேள்விக்கு ஓர் அக்கா படமே எடுத்து அனுப்பினார்: பெரிய மண்சட்டியில் ஈர மணல், நடுவில் சிறிய கலயம், அதற்குள் குப்பி, மேலே ஈரத்துணி. கோடை விடுமுறையில் மாமியார் வீட்டில் இன்றும் அப்படித்தான் வைக்கிறோம்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும். நம் கடைகளில் இன்சுலின் குப்பி இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட். முதலாவதற்குச் சிவப்பு மூடி ஊசி, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. புதிதாகச் சேர்ந்த தந்தை ஒருவர், வாங்கி வந்ததைப் படம் எடுத்துப் போட்டு, "இது சரிதானே?" என்று கேட்டார். குப்பியில் 100 என்றிருந்தது. ஊசியின் மூடியோ சிவப்பு. அடுத்தடுத்து மூன்று பேர் "போடாதீர்கள்" என்று எழுதினார்கள். போட்டிருந்தால் அந்தக் குழந்தையின் உடலில் இரண்டரை மடங்கு இன்சுலின் ஏறியிருக்கும். இந்த ஒன்றுக்காகவே இக்குழுவுக்கு நான் கடன்பட்டவள்.

ஆபத்தும் இதே கைப்பேசி வழியாகத்தான் வருகிறது. "சர்க்கரையை வேரோடு ஒழிக்கும் கஷாயம்" என்ற செய்தி ஓயாமல் சுற்றுகிறது. டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களுக்குள், சில சமயம் ஒரே நாளில், கீட்டோ அமிலத்தேக்கம், அதாவது இரத்தத்தில் அமிலம் சேரும் நிலை, வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. இருந்தும் குறும்வீடியோக்களில் கூசாமல் சொல்கிறார்கள். எனக்கு இதில் பொறுமையே கிடையாது. எங்கள் அட்மின் அப்படிப்பட்ட செய்தியை உடனே நீக்கி, அனுப்பியவரைத் தனியே அழைத்துப் பேசுவார். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பலர் கை மாறி வந்தது என்று பொருள். அதைத் திறக்கும் முன்பே நான் சந்தேகப்படுவேன்.

இன்சுலின் அளவைக் குழுவில் கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதற்கு மருத்துவர் இருக்கிறார். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வாட்ஸ்அப் வழியான ஆலோசனையையும் அனுமதிக்கின்றன. வாரச் சர்க்கரை அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பினால், எங்கள் மருத்துவர் மாலைக்குள் அளவை மாற்றிச் சொல்லிவிடுவார். ஒரு நாள் பஸ் பயணம் மிச்சம். மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதும் அந்த வழிகாட்டுதல்களில் உள்ளது. வீடியோவில் மருந்து சொல்பவரிடமும் முதலில் அதைக் கேளுங்கள்.

குறை என்றால் அந்தரங்கம்தான். குழுவில் எல்லோருக்கும் நம் எண் தெரியும். ஒருமுறை சர்க்கரை நோய்க்குப் பொடி விற்கும் யாரோ என்னை அழைத்து, மகளின் பெயரையும் வயதையும் சொல்லிப் பேசினார். பதறிப் போனேன். மகளும் வளர்ந்துவிட்டாள். "என்னைக் கேட்காமல் என் சர்க்கரை அளவைக் குழுவில் போடாதே அம்மா" என்றாள். அவள் சம்மதித்தால் மட்டுமே இப்போது போடுகிறேன், அதுவும் பெயரில்லாமல்.

சேர்வதற்கு முன் அட்மின் யார், எந்த மருத்துவமனையோடு தொடர்பு என்று விசாரியுங்கள். குழந்தைகள் நீரிழிவுப் பிரிவின் செவிலியர்களுக்கு நல்ல குழுக்கள் எவை என்று தெரிந்திருக்கும். குழந்தை மயங்கிவிட்டால் குழுவில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108ஐ அழையுங்கள்.