எலும்பு ஆறும்வரை சைக்கிளா, ஆழமான குளமா?

கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல். ஓட்டக்காரர்கள் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று சொல்வது இதைத்தான். எனக்கு வந்தது எலும்பின் உள்பக்கப் பின்விளிம்பில். அங்கே வந்தால் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறிவிடும். முன்விளிம்பில் வந்தால் கதையே வேறு; அது லேசில் ஆறாது, முழுதாக முறியும் ஆபத்தும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் இதைப் படித்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், எலும்பு மருத்துவர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

எனக்கு முன்னால் ஒரு மாரத்தான் இருந்தது. காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்தை ஓட வேண்டுமானால் அதற்கு முன் ஒரு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் ஓடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1921-இல் தொடங்கிய ஓட்டம் அது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள். நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் ஏதாவது ஒரு தெருவில் அதை ஓடி முடித்த ஒரு மாமாவோ அக்காவோ கட்டாயம் இருப்பார். அதனால் "ஓய்வெடுங்கள்" என்று பிசியோ சொன்னதும் மனதில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: ஓடாமல் எப்படி ஓட்டக்காரராகவே இருப்பது?

வழிகள் பல சொன்னார்கள். நீச்சல் மூச்சுக்கு நல்லது, ஆனால் வேலை பெரும்பாலும் தோளுக்குத்தான். எலிப்டிகல் என்ற, நின்றபடி மிதிக்கும் கருவியில் காலை ஊன்றி நிற்க வேண்டும், நடக்கும்போதே வலிக்கிற நாட்களில் அது ஆகாது. காற்றழுத்தத்தால் உடல் எடையைக் குறைக்கும் டிரெட்மில் அருமையான கருவி என்கிறார்கள், எனக்குக் கிடைக்கும் தூரத்திலும் விலையிலும் அது இல்லை. கடைசியில் மிஞ்சியவை இரண்டு: வீட்டில் நிறுத்தி வைத்து மிதிக்கும் சைக்கிள், இடுப்பில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு ஆழமான நீரில் ஓடுவது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் நீச்சல்குளத்தின் பக்கம் சாய்ந்தேன்.

சைக்கிளின் நல்லவை வெளிப்படையானவை. நினைத்த நேரத்தில் ஏறலாம், மழை பெய்தாலும் மின்வெட்டு வந்தாலும் ஓடும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் இரண்டு காலுக்கும் சேர்த்து 180 காலடி. நல்ல ஓட்டத்தின் தாளமும் ஏறக்குறைய அதுதான். தொடைக்கு நல்ல உழைப்பு. காம்ரேட்ஸ் பாதையில் வரும் போத்தாஸ் ஹில், இன்சாங்கா போன்ற ஏற்றங்களை நினைத்தால் அந்தத் தொடை வலு வீண் போகாது. ஒன்று மட்டும்: ரோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு எம்4 சாலையில் கிளம்பிவிடாதீர்கள். ஆறிக்கொண்டிருக்கும் எலும்போடு ஒரு தடவை விழுந்தால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஆழ்நீர் ஓட்டம் பலருக்குப் புதிது. தரை காலில் படாத ஆழம் வேண்டும். பெல்ட் உங்களைத் தோளளவில் மிதக்க வைக்கும். உடலை நிமிர்த்தி, இடுப்பிலிருந்து துளி முன்சாய்ந்து, தரையில் ஓடுவது போலவே கைகாலை வீச வேண்டும். கையால் நீரை வாரி இழுத்தால் அது நீச்சலாகிவிடும், விரல்களை லேசாக மடக்கிக்கொண்டால் சரியாக வரும். முழங்காலை முன்னால் தூக்குவதோடு நிறுத்தக் கூடாது, காலைப் பின்னாலும் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் நீருக்குள் சைக்கிள் மிதித்தது போல ஆகிவிடும்.

இதயத்துடிப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. நீரின் அழுத்தம் கால்களிலிருந்து ரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தை அனுப்பும். அதே உழைப்புக்குத் தரையில் காட்டுவதைவிட நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு குறைவாகவே தெரியும். கைக்கடிகாரத்தை மறந்துவிட்டு, பேச முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கவனிப்பதே சரியான அளவு. சும்மா மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் பலனும் குறைவு, சலிப்பும் வரும். மூன்று நிமிடம் முழு மூச்சாக, ஒரு நிமிடம் ஆறுதலாக என்று மாற்றி மாற்றி ஓடினால்தான் உடம்புக்கு உறைக்கும். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் நான்கு முதல் ஆறு வாரம் நீரில் மட்டும் ஓடி, மூச்சுத் திறனை ஏறக்குறைய அப்படியே காப்பாற்றிக்கொண்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடினமாகச் செய்தால் சைக்கிளிலும் மூச்சைக் காப்பாற்றலாம் என்பது என் அனுபவம். ஆக, மூச்சு விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

என்னைக் குளத்தின் பக்கம் சாய்த்தது மூச்சு அல்ல, திரும்பி வரும் வழி.

கிளப்பில் மூத்தவர் ஒருவர் என்னிடம், "தம்பி, மூச்சைக் காப்பாத்து, காலு தானா வந்துடும்" என்றார். அவர் காம்ரேட்ஸ் பலமுறை ஓடியவர், அவர் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும், "அண்ணா, கால் தானா வராது, அதுதான் இதில் சிக்கலே" என்றேன். மூச்சும் இதயமும் சில வாரங்களில் ஏறும், இறங்கும். எலும்பு அப்படியில்லை. தேய்ந்த இடத்தை அரித்து எடுத்துவிட்டு அங்கே புது எலும்பைக் கட்டி முடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். விரிசல் ஆறி வலி போவது அதற்கு வெகு முன்பே நடந்துவிடும். அந்த இடைவெளியில்தான் மறுபடியும் விரிசல் விழுகிறது: மூச்சு "ஓடு ஓடு" என்று உந்தும், எலும்பு இன்னும் பாதி வேலையில் இருக்கும்.

சைக்கிளிலிருந்து தரைக்கு வரும்போது நடுவில் படிகளே இல்லை. இருக்கையில் உட்கார்ந்திருக்கும்வரை காலில் அதிர்ச்சியே கிடையாது. இறங்கி ஓடிய முதல் அடியிலேயே உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு அந்தக் காலில் விழும். குளத்தில் அப்படியில்லை, ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். கழுத்தளவு நீரில் நின்றால் காலில் விழுவது உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மார்பளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டே. இடுப்பளவில் பாதி. வலியில்லாமல் நடக்க முடிகிறது, தொட்டாலும் நோவு இல்லை என்று பிசியோ சொன்ன பிறகு நான் மார்பளவு நீரில் காலை ஊன்றி மெல்ல ஓடத் தொடங்கினேன். மறுநாள் காலையில் எலும்பை விரலால் அழுத்திப் பார்ப்பேன். நோவு இல்லாவிட்டால் அதே ஆழத்தில் இன்னும் சில தடவை, அப்புறம்தான் இடுப்பளவு. அதற்குப் பிறகு டர்பன் கடற்கரை நடைபாதையில் ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். புளூ லகூன் பக்கத்திலிருந்து ஊஷாகா வரை ஏற்ற இறக்கமே இல்லாத அந்தப் பாதை இதற்கென்றே போட்டது போல இருக்கிறது. மணலில் இறங்க வேண்டாம். அது மென்மையாக இருந்தாலும் ஒரு பக்கம் சரிவு.

இதில் ஒரு வரம்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பளவு நீரில் ஓடும்போது நீர் காலை இழுப்பதால் முன்பாதத்தில் அதிகம் ஊன்றுகிறோம், கெண்டைக்கால் இறுகுகிறது. நடையும் தரையில் இருப்பது போல் இல்லை. எலும்பை வலுவாக்குவது கடைசியில் தரையின் அதிர்ச்சிதான். நீர் அந்த வேலையைச் செய்வதில்லை, அதற்குப் போகும் வழியைச் சீராக்குகிறது. காம்ரேட்ஸின் இறக்கங்களில் தொடை வாங்கும் அடிக்குக் குளமும் சைக்கிளும் இரண்டுமே தயார் செய்யாது, அதைப் பிறகு சாலையில்தான் பழக வேண்டும்.

எலும்பு ஆறும் நாட்களில் சாப்பாட்டைக் குறைப்பது பெரிய கெடுதல். புரட்டாசியில் இங்கே நம் வீடுகளில் கறி மீனை நிறுத்துவார்கள், நானும் நிறுத்துகிறேன். அந்த மாதத்தில் பருப்பு, பயறு, தயிர் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, கோயிலில் கூழ் ஊற்றும் நாளுக்காகக் காத்திருக்காமல் வீட்டிலேயே காய்ச்சலாம். காவடி நேர்ந்துகொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெறுங்காலில் சுமையோடு மணிக்கணக்கில் நடப்பதும் எலும்புக்குச் சுமைதான். பயிற்சிக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் ஓட்டத்தைக் குறையுங்கள்.

குளத்துக்குச் செலவும் அலைச்சலும் அதிகம் என்பது உண்மை. பொதுக் குளங்கள் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, கிளம்பும் முன் விசாரிக்க வேண்டும். ஒரு முனை ஆழமாகவும் மறுமுனை மார்பளவாகவும் இருக்கும் குளமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அது இல்லாமல் இந்த முறைக்குப் பொருளே இல்லை. கடற்கரையோரம் உள்ள ரேச்சல் ஃபின்லேசன் போன்ற உப்புநீர்க் குளத்தில் மிதப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம், திறந்தவெளிக் குளம் குளிரும். ஒல்லியானவர்கள் நீண்ட நேரம் தாங்க மாட்டார்கள். குளமே கிடைக்காதவர்கள் சைக்கிளைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இறங்கிய பிறகு ஓட்டத்தை மூச்சு கேட்பதைவிட மெதுவாகக் கூட்டுங்கள், நடை ஓட்டத்துக்குக் கூடுதல் வாரங்கள் ஒதுக்குங்கள்.

குதிகால் நாண் வலி, பாத அடித்தசை வலி உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடு எப்படிப் பொருந்தும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, அந்த வலிகள் எனக்கு வந்ததில்லை. ஓட்டம் திரும்பிய பிறகும் நான் வாரத்தில் ஒருநாள் குளத்தை விடவில்லை. ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள், கால் கனமாக இருக்கும்போது, பெல்ட்டோடு முக்கால் மணி நேரம். சைக்கிளும் வீட்டில்தான் இருக்கிறது, குளம் மூடியிருக்கும் நாட்களுக்கு.