ராதிகா சிற்சபைஈசனும் கரி ஆனந்தசங்கரியும்: யாருடைய வெற்றி கடினமானது?

கனடா நாடாளுமன்றத்தில் தமிழர் என்றால் இன்று கரி ஆனந்தசங்கரியின் பெயர்தான் முதலில் வரும். அவருக்கு முன்பே, 2011இல், முதல் தமிழராக உள்ளே போனவர் ராதிகா சிற்சபைஈசன். அவரை "ஒருமுறை வென்றார், அடுத்தமுறை தோற்றார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இது எனக்கு மனவருத்தம்.

ராதிகா நின்ற ஸ்காபரோ ரூஜ் ரிவர், டொராண்டோ நகரில், 1988 முதல் லிபரல் கட்சியின் டெரெக் லீ கையில் இருந்த தொகுதி. 2011இல் லீ போட்டியிடவில்லை. ராதிகாவின் கட்சியான புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஜாக் லேட்டனின் அலை வேறு அடித்தது. கட்சி 103 இடங்களைப் பிடித்தது. இரண்டுமே ராதிகாவுக்குக் கைகொடுத்தன, மறுக்கவில்லை. ஆனாலும் லிபரல் கோட்டை என்று பெயரெடுத்த இடத்தில், 29 வயதில், சுமார் 40 சதவீத வாக்கு வாங்குவதற்கு அலை மட்டும் போதாது. கனடா வாக்குச்சீட்டில் சின்னம் கிடையாது. குடும்பப் பெயரின் அகர வரிசையில் வேட்பாளர் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே கட்சியின் பெயர், அவ்வளவுதான். அந்த நீளமான தமிழ்ப் பெயரைத் தேடிப் பிடித்து பென்சிலால் அடையாளம் போட்டிருக்கிறார்கள் மக்கள்.

அப்புறம் எல்லை மறுவரையறை வந்தது. அவருடைய தொகுதி ஸ்காபரோ வடக்கு, ஸ்காபரோ ரூஜ் பார்க் என்று பிரிந்தது. 2015இல் ராதிகா வடக்கில் நின்றார், லிபரல் வேட்பாளர் ஷான் சென்னிடம் தோற்றார். கட்சியே 44 இடங்களுக்குச் சுருங்கிய தேர்தல் அது. தோல்வி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அதே தேர்தலில் கரி லிபரல் வேட்பாளராக ரூஜ் பார்க்கில் ஏறத்தாழ 60 சதவீத வாக்குடன் வென்றார். இந்தமுறை அலை லிபரல் பக்கம்: 34 இடங்களிலிருந்து 184. பெறுவதற்கு எளிதான வெற்றி என்றே சொல்வேன். ஆனால் அதை அவர் வீணாக்கவில்லை. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவிக்கும் தீர்மானம் 2016இல் நிறைவேறியது. மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவுநாளாக ஏற்கும் தீர்மானம் 2022இல் ஒருமனதாக நிறைவேறியது. இரண்டும் அவர் கொண்டுவந்தவை. 2023இல் அமைச்சரானார். 2019, 2021, 2025 என்று தொடர்ந்து வென்றிருக்கிறார். ஆளும் கட்சி வரிசையில் பத்து வருடம் இருந்தவருக்குக் கிடைத்த வாய்ப்பு, எதிர்க்கட்சியில் நாலு வருடம் இருந்தவருக்கு எப்படிக் கிடைக்கும்?

செய்து முடித்த வேலையை வைத்துப் பார்த்தால் கரிதான் முன்னால் நிற்கிறார். தேர்தல் வெற்றியை மட்டும் எடைபோட்டால் என் வாக்கு ராதிகாவுக்கே. 2025இல் லிபரல் கட்சியிலிருந்து யுவனிதா நாதனும் நாடாளுமன்றம் போனார். புதிய ஜனநாயகக் கட்சி 7 இடங்களில் நின்றுவிட்டது. ராதிகாவுக்குப் பிறகு அந்தக் கட்சியிலிருந்து இன்னொரு தமிழர் அங்கே போகவில்லை.