கொன்றை பார்க்க ஒரு நாள் வேன் பயணம்: வழிகாட்டி அருமை, நேரக் கணக்குதான் சரியில்லை

ஏப்ரல் கடைசி தொடங்கி மே முடியும்வரை, பூமரம் காட்டுகிறோம் என்று சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் விடுகிறார்கள். அதில் ஒன்றைப் பற்றித்தான் இது. கோயம்பேடு, கிண்டி, தாம்பரம் என மூன்று இடங்களில் ஆளேற்றி, ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் வரை போய்த் திரும்பி, வேடந்தாங்கல், கரிக்கிலி, உத்திரமேரூர், வாலாஜாபாத், ஒரகடம் வழியாக ஊர் திரும்புகிறார்கள். ஏறத்தாழ 180 கி.மீ. டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்துத் தலைக்கு 1,900 ரூபாய்.

கொடுக்கும் காசு வழிகாட்டிக்கே தகும். மஞ்சளாகப் பூத்தாலே கொன்றை என்று நினைப்பவர்கள்தான் வேனில் பாதிப்பேர். சாலையோரம் அதிகம் நிற்பது பெருங்கொன்றை. அதன் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், மொட்டு துருவின் நிறம், காய் தட்டையாகச் செம்பு நிறத்தில் இருக்கும். சரக்கொன்றையின் கொத்து கீழே தொங்கும். போன வருஷத்துக் கறுத்த உருட்டுக் காய் ஒரு முழ நீளத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும். ஓடும் வண்டியிலிருந்தே பிரித்தறிய இது போதும். விழுந்த பூ ஒன்றைக் கையில் கொடுத்து மகரந்தத் தாள்களை எண்ணச் சொல்கிறார். மொத்தம் பத்து, அதில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து மேலேறும். இந்தப் பூவில் தேன் கிடையாது. பெரிய கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு ‘ர்ர்’ரென்று உடலை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்த்து எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அவசரப்படுத்துவதில்லை, கிளையை உலுக்கவும் விடுவதில்லை.

சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்துப் பூவாயிற்றே, இது கோடையில் பூக்கிறதே என்று யாரோ கேட்டதற்குச் சுற்றிவளைத்து ஏதோ சொன்னார். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வழுக்கல்.

பெரிய குறை நேரம். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி, மூன்று இடத்திலும் காத்திருந்து தாம்பரம் தாண்டும்போது ஆறரை. வழியில் டிபன் வேறு. வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் செங்கடம்பு மரம் அந்தியில் பூத்து விடியலில் உதிர்ந்துவிடும் ரகம். நூல் நூலாகத் தொங்கும் சிவப்புச் சரங்களைப் பார்க்க வேண்டுமானால் வெயில் ஏறுமுன் கரையில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குப் போனால் காம்பு மட்டும் மிஞ்சியிருக்கும், பூவெல்லாம் தண்ணீரில். டிபனைப் பார்சல் கட்டி வேனிலேயே கொடுத்தால் இதில் பாதி தீரும். ஏரியை முதலில் வைத்தது சரியான யோசனைதான். அதற்கேற்ற நேரத்துக்குக் கிளம்பத்தான் ஆளில்லை.

உத்திரமேரூரில் வாழையிலைச் சாப்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை மரத்தடியில் நிற்க வைப்பது வீண்வேலை. உச்சி வெயிலில் மஞ்சள் வெளுத்துத் தெரியும், படமும் நன்றாக வராது. அந்த இரண்டு மணி நேரத்தைக் குடவோலைக் கல்வெட்டுள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒதுக்கிவிட்டு, மூன்றரைக்குமேல் வாலாஜாபாத் சாலையில் மெதுவாக வந்தால் குல்மோஹரும் பூமருதும் சாய்வெயிலில் வேறு நிறம் காட்டும்.

இருக்கை கேட்டு வாங்குங்கள்: வலப்பக்க ஜன்னல். காலையில் தெற்கே போகும்போது சூரியன் இடப்பக்கம், மாலையில் வடக்கே திரும்பும்போதும் இடப்பக்கமே. அதனால் வலப்பக்க மரங்கள்மேல்தான் இரு வேளையும் வெயில் நேராக விழும். கடைசி வரிசை வேண்டாம், கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க்தான், கரிக்கிலிக்கு முன்னாலேயே போய்விடுவது நல்லது. தண்ணீர் தலைக்கு ஒரு பாட்டில் தருகிறார்கள், மே வெயிலுக்கு அது காணாது. இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல், தேதியை ஒரு மாதம் முன்பே அறிவித்துப் பணம் வாங்கிவிடுகிறார்கள். மரம் காலண்டர் பார்த்துப் பூப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து மரங்களே ஒன்று முழுக்கப் பூத்து இன்னொன்று மொட்டோடு நிற்கும். ஒரு கோடை மழை காற்றோடு அடித்தால் முதல்நாள் இருந்த சரமெல்லாம் மறுநாள் தரையில். ஆகவே பணம் கட்டுமுன் ‘இந்த வாரம் எடுத்த படம் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். போன வருஷத்துப் படத்தை அனுப்பினால், அதில் இலை நிறையத் தளிர்த்திருக்கிறதா, பூ முந்திக்கொண்டிருக்கிறதா என்றெல்லாம் ஆராய வேண்டாம். தேதி தெரியும்படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாள் மாற்றித் தருவார்களா என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்கு ‘பார்க்கலாம் சார்’ என்றுதான் பதில் வருகிறது.

நான்கு பேர் சேர்ந்து சொந்தக் காரில் போக முடியுமென்றால் இதே வழியில் நாலரைக்குக் கிளம்பிவிடுங்கள். செலவும் பாதிதான் ஆகும். மரம் அடையாளம் தெரியாதவர்கள், ஒருமுறை மட்டும், இந்த வழிகாட்டிக்காக வேனில் ஏறலாம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இத்தனை நீளப் பயணம் வேண்டாம். அவர்களுக்குக் கோட்டூர்புரம் மரப்பூங்காவே காலை ஏழு மணிக்குப் போதும், டிபனுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.